அறுபத்து நான்கு வாழ்த்துகள்

மொண்டேவிடியோவில் ஒரு காப்பீட்டு அலுவலகம். வாடிக்கையாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அச்சிடும் கணினி நிரலை எழுதிக்கொண்டிருந்தாள் நிபியா. கடிதம் தயாராக இருக்கும். பெயரும் வயதும் வரவேண்டிய இடங்களை மட்டும் நிரல் நிரப்பும். சோதனைக்காக எவுலோஜியோ என்று ஓர் ஆளைக் கற்பனையாகச் சேர்த்து, முப்பது வயதும் கொடுத்திருந்தாள். நிரலை ஓட்டும்போதெல்லாம் அந்த ஆளுக்கு ஒரு வயது கூடும். எந்தக் கடிதத்தையும் அவள் தபாலில் போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கிழவர் கைத்தடியோடு வந்து, அவள் மேசையில் அறுபத்து நான்கு வாழ்த்துகளை அடுக்கினார்.

"நான்தாம்மா எவுலோஜியோ. திங்கக்கிழமை எனக்கு முப்பது வயசு. புதன்கிழமை முடி கொட்டிச்சு. நேத்து பல்லு போச்சு. ஏம்மா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"மன்னிச்சுடுங்க ஐயா. வேலை முடிஞ்சுது. இனிமே ஓட்டவே மாட்டேன்."

அவர் அப்பாடா என்று உட்கார்ந்தார். நிபியா தான் குடித்துக்கொண்டிருந்த மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையை, உறிஞ்சு குழலோடு அவரிடம் நீட்டினாள். பொக்கை வாயால் உறிஞ்சினார்.

மேலாளர் ரூபென் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "பிரமாதம், நிபியா! எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசாக்கி, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு."

பெரியவர் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.