வைக்கோல் கன்று

உலகத்தோர்க்கும், குறிப்பாகப் பஃபலோ ரோடு பால் வாடிக்கையாளர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1958ஆம் ஆண்டில் பால்காரர் சங்கத் துணைத்தலைவர் சேதுபதி தம் பசுவையே ஏமாற்றிவிட்டார். கன்று செத்ததும் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசுவும் பால் சுரந்தது.

"எல்லாம் மூளை லா," என்றார், சங்கக் கூட்டத்தில் போட்ட மாலையைக் கழற்றாமலே.

மனைவி அன்னம்மா சிரித்தாள். "உங்க பொம்மைய அது திரும்பிக்கூடப் பாக்கல. மணி வந்து படுத்தாத்தான் பால் எறங்குது."

மணி ஒரு தெருநாய். பசு அதன் முதுகை நக்கும். கறந்து முடியும்வரை மணி வாலால் வாளியைத் தட்டிக்கொண்டே இருக்கும். சங்கத்தில் இதைச் சேதுபதி சொல்லவில்லை.

ஒருநாள் மணி லாரியில் அடிபட்டுச் செத்தது. சேதுபதியே குழிதோண்டிப் புதைத்தார். அதன்பிறகு மூன்று நாள் பசு ஒரு சொட்டுப் பாலும் தரவில்லை. கசாப்புக்காரர் வந்து விலாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அன்னம்மா சாப்பிடவே இல்லை.

நான்காம் நாள் மத்தியானம், கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று சேதுபதி பசுவின் மடியில் கை வைத்தார். பால் சர்ரென்று இறங்கியது.

"பாத்தியா? பொம்மதான்னு சொன்னேன்ல?"

அன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாளியை யாரோ தட்டும் சத்தம் கேட்டுச் சேதுபதி திரும்பினார். பசு வைக்கோல் கன்றின் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. கன்றின் வால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தது.

அன்று மட்டும் சேதுபதி பாலில் தண்ணீர் கலக்க மறந்துவிட்டார்.