இசக்கிராஜின் வாய்

காலை ஆறு மணிக்குள் வீட்டிலிருந்தே டிப்போ கொடுத்த கேமராக் குச்சிக்கு வாயைத் திறந்து காட்டாவிட்டால் ஓட்டுநர் இசக்கிராஜுக்குப் பேருந்து கிடைக்காது. புகையிலை அடக்கிய கன்னத்தைக் காட்டினால் வேலையே போய்விடும் என்று பயந்து, இரண்டு வருடமாக மனைவி தங்கபுஷ்பத்தின் வாயைத்தான் தன் பெயரில் காட்டிவந்தான்.

இன்று குச்சி சிவந்து, அறிவித்தது: "இசக்கிராஜ், நாக்குக்கு அடியில் வெள்ளைத் திட்டு. பணி நிறுத்தம். உடனே மருத்துவமனைக்கு வரவும்."

"போச்சுட்டி, வேலை போச்சு!"

டிப்போவுக்குச் சொல்ல ஒரு பொய்யைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான். கண்ணாடி முன் நின்று, விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வலிக்கா?"

அவள் விரலை எடுத்தாள்.

"வலிக்கல. ஆஸ்பத்திரிக்காவது என் பேர்ல போவலாமா?"