எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி

“உங்க வாயில எதுவுமே நிக்காதா அக்கா?”

கொள்முதல் கிளார்க் ரிசப்ஷன் மேசைமேல் கையை ஊன்றி நின்றான். வேறு கம்பெனியில் வியாழக்கிழமை இன்டர்வியூ என்று அவனுடைய ஆபீஸ் போன் வாய்ஸ் மெயிலில் தகவல் வந்திருந்தது. இன்று காலை மேனேஜர் கூப்பிட்டு, “வியாழக்கிழமை லீவு வேணுமா?” என்று கேட்டுச் சிரித்தாராம்.

“நான் லைன் கொடுக்கிறவ தம்பி. வாய்ஸ் மெயிலைத் திறந்து கேக்கிறவ இல்ல,” என்றாள் டெலிபோன் ஆபரேட்டர்.

“பாஸ்வேர்டு போட்டு வச்சிருக்கேன். டெலிபோன் போர்டு உங்க கையில. வேற யாரு கேட்டிருப்பா?”

இரண்டு மாதமாக இதே பேச்சுதான். யார் ரகசியம் வெளியே போனாலும் பழி அவள் தலையில். அவள் சாப்பிட உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும். பதினோரு வருஷமாக அத்தனை பேருக்கும் லைன் கொடுத்தவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

போன் ரிப்பேருக்கு வந்திருந்த மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“உங்க போன் நம்பர் என்ன சார்?”

சொன்னான். அவர் ரிசப்ஷன் போனில் ஏதோ எண்களைத் தட்டி, ரிசீவரை அவன் காதில் வைத்தார். அவனுக்கு வந்த இன்டர்வியூ தகவல் அதில் ஓடியது.

“என் பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது எதுக்கு சார்? இந்த வாய்ஸ் மெயில் பழைய மெஷின். செஞ்ச கம்பெனிக்காரங்களே எல்லாப் பெட்டிக்கும் பொதுவா ஒரு பாஸ்வேர்டை உள்ள வச்சு அனுப்பிட்டாங்க. நீங்க வாசலுக்கு எத்தனை பூட்டு போட்டாலும் கொல்லைக்கதவு திறந்தே கிடக்கும். இன்டர்நெட்ல தேடினா எவனுக்கும் அந்த நம்பர் கிடைக்கும்.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றாள் ஆபரேட்டர்.

“ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேம்மா. அடைக்கப் பத்து நிமிஷ வேலை. ரெண்டு தடவையும் ‘இப்போதைக்கு வேண்டாம்’னு எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார்.”

சத்தம் கேட்டுக் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அடுத்தவங்க பேச்சை ஒட்டுக் கேக்கறதெல்லாம் ஒரு பிழைப்பா? மனுஷனா அவர்?” கிளார்க் கொதித்தான். “மன்னிச்சிருங்க அக்கா.”

“பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டு மாசம் என்னைத் திருடியாக்கி வச்சிருக்கீங்க,” என்றாள் அவள். மெக்கானிக்கிடம் திரும்பினாள். “முதல்ல அதை அடைங்க. இந்தத் தடவை கையெழுத்து நான் போடறேன்.”

அவர் மெஷின் அறைக்குப் போனார். அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவள், கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே கிளார்க் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தான்.

“ரெண்டே நிமிஷம் கழிச்சு அடைங்க சார். அந்த நம்பரை எனக்கு மட்டும் சொல்லுங்க. பக்கத்து சீட்டுக்காரனுக்கும் அதே இன்டர்வியூ வந்திருக்கான்னு கேட்டுடறேன்.”