எல்லா அறையிலும் ஒரே குரல்

ஸ்பாக்ஸ் நகரில் அனீஸின் நிறுவனம் மாதச் சந்தாவில் பாட்டுச் சேவையைத் தொடங்கிய நாள் அது. அவன் வீட்டில் அறைக்கு ஒரு ஸ்பீக்கர். ஒன்றிடம் கேட்டால் எல்லாமே பாடும். இப்போது எல்லாவற்றிலும் ஒரு பெண் குரல்.

"இந்தப் பொண்ணு என்னமா பாடுது!" என்று உருகினார் அவன் அப்பா ஹமாதி. "கல்யாணத்துக்கு முன்னாடி நீயும் மேடையில கத்திக்கிட்டிருந்தியேம்மா ரீம். நல்லவேளை, நான் நிறுத்தினேன்."

மருமகள் ரீம் சமையலறையில் குஸ்குஸ் ரவையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஹமாதி ஸ்பீக்கரிடம் கேட்டார். "யாரு பாடுறது? பேரைச் சொல்லு."

பாட்டு நின்றது. "பாடியவர் ரீம் ஸுவாரி. பதிவு செய்தவர் அவர் கணவர் அனீஸ்."

ஹமாதி மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரிடம் சீறினார்.

"பேரைத்தானே கேட்டேன்? பாட்டை யாரு நிறுத்தச் சொன்னது?"