முன்வரிசை நாற்காலிகள்

சாயங்கால வெயில் மண்டபத்தின் மேற்கு ஜன்னல்கள் வழியே சரிந்து, முன்வரிசையின் காலி நாற்காலிகள் மேல் படிந்திருக்கிறது. ஒவ்வொன்றின் முதுகிலும் மிச்சத் துணியில் தைத்த சிவப்புப் பூ. அகதி முகாமுக்கு நிதி திரட்டும் விழாவில் அந்தக் குடும்பங்களுக்கே முதல் வரிசை என்று ஒற்றைக்காலில் நின்றவள் தையல்காரி. "உங்க வீட்டு விசேஷம்னு நெனச்சு வாங்க" என்று முகாமுக்கே போய் அழைத்தவளும் அவள்தான். பின்வரிசைகளில் எள் போட இடமில்லை. மைக் கீச்சிடுகிறது. ஒயரைச் சரிசெய்யும் அவள் கணவன், எலக்ட்ரீஷியன், கிசுகிசுக்கிறான்: "உன் விருந்தாளிங்கல்லாம் எங்க?" அவள் காலி வரிசையைத் திரும்பிப் பார்க்கிறாள். வாசலில் கும்பிட்டு வரவேற்றாளே! யாராவது மனம் நோகப் பேசிவிட்டார்களோ? ஓடிப்போய்ப் பின்கதவைத் தள்ளுகிறாள். சமையலறை முழுக்க ஆவி. முகாம்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான். ஒரு பெரியவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டுகளைத் துடைக்கிறார். இருவர் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கிறார்கள். ஒருத்தி நீளமாக டீ ஆற்றுகிறாள். "ஐயோ, நீங்கல்லாம் முன்னால வந்து உக்காருங்க!" என்கிறாள் தையல்காரி. டீ ஆற்றுகிறவள் சிரிக்கிறாள். "எங்க வீட்டு விசேஷம்னு நீங்கதானே சொன்னீங்கக்கா? விசேஷ வீட்டுக்காரங்களுக்கு உக்கார ஏது நேரம்?" முதல் தம்ளரைத் தையல்காரியின் கையில் திணித்து, முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து, முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுப் போகிறாள். தான் தைத்த பூவின் முடிச்சு முதுகில் உறுத்த, ஊரே பார்க்க, தையல்காரி நிமிர்ந்து உட்கார்கிறாள்.