பூஜையில் வைத்த லேப்டாப்

"பாய், இதை ரிப்பேர் ஆக்கினது நான்தான்னு என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

கடைக்குள் நுழைந்ததும் கனகவல்லி சொன்ன முதல் வார்த்தை இதுதான். மேஜை மேல் கிடந்த லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார் ஹனீஃபா. கிழக்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர்.

லேப்டாப்பைக் காலையில் கொண்டுவந்து கொடுத்தவன் கனகவல்லியின் மகன் புகழேந்தி. சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் அனுப்பியதாம். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுண்ணா. பைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு. திங்கக்கிழமை காலேஜ்ல குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருந்தான். ப்ராஜெக்ட் இல்லையென்றால் டிகிரி இல்லை.

"நீங்க என்னம்மா பண்ணீங்க?"

"சரஸ்வதி பூஜையன்னிக்குச் சாயங்காலம், வீட்டுப் பூஜையில இதையும் வெச்சேன் பாய். சந்தனம், குங்குமத்தோட நிறுத்தியிருக்கலாம். மூடியைத் திறந்து பன்னீரை வேற தெளிச்சேன். மறுநாள் பார்த்தா, ஸ்கிரீன்ல வெறும் வெள்ளை எழுத்து மட்டும்தான் வருதாம்."

"இதைப் போய் ஏம்மா பூஜையில வெச்சீங்க?"

"அவன்தான் வந்து, 'புஸ்தகமெல்லாம் வெக்கிறியே, இதையும் வெச்சிடும்மா'ன்னு சொன்னான். சாமி கும்பிடக் கூப்பிட்டாலே ஓடற புள்ள! எனக்குத் தலைகால் புரியலை. அந்தச் சந்தோஷத்துல கொஞ்சம் தாராளமாவே தெளிச்சுட்டேன்." கனகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப வரைக்கும் அவன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை பாய். அதான் தாங்க முடியலை. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவார்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். தைரியமா போங்கம்மா."

அவள் போனதும் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பினார் ஹனீஃபா. கழற்றலாம் என்று கை வைத்தபோது, திருடனுக்குத் தேள் கொட்டியது போன்ற முகத்தோடு ஒருவர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் மெஷின் எண்ணெய்.

"பாய், நான் புகழேந்தியோட அப்பா, குப்புராஜ். திருமுடிவாக்கத்துல லேத் பட்டறை வெச்சிருக்கேன். இந்த லேப்டாப் போனதுக்கு நான்தான் காரணம்."

'நீங்களுமா?' என்று வாய்வரை வந்த கேள்வியை ஹனீஃபா கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"ஆயுத பூஜைக்கு இதைப் பட்டறையில வெச்சேன். எங்க வெச்சேன்னு கேளுங்க. கிரைண்டிங் மெஷின் டேபிள் மேல! இரும்பைப் புடிச்சுக்கறதுக்காக அந்த டேபிளே காந்தம், பாய். கேசட்டைக் காந்தத்துக்கிட்ட வெச்சாலே பாட்டு அழிஞ்சிடும். இத்தனை வருஷமா மெஷினோட மாரடிக்கிற எனக்கு, அந்த நேரத்துல புத்தி எங்க போச்சோ!"

"இதை ஏண்ணே பட்டறைக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

"நான் எங்க எடுத்துட்டுப் போனேன்? அவனேதான் பூஜையன்னிக்குக் காலையில கொண்டாந்து குடுத்தான். பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன், 'இதுவும் மெஷின்தானேப்பா, பூஜையில வை'ன்னான். நம்ம தொழில் மேல புள்ளைக்கு மரியாதை வந்துடுச்சேன்னு பூரிச்சுப் போயி, இருக்கறதுலயே ஒசந்த மெஷின் மேல வெச்சேன். என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா எனக்கு ஆயுசுக்கும் சோறு கிடையாது. எப்படியாவது அந்த ப்ராஜெக்ட்டை மட்டும் மீட்டுக் குடுத்துடுங்க."

அவரையும் தேற்றி அனுப்பிவிட்டு, ஹனீஃபா வேலையில் இறங்கினார். டிஸ்க்கில் பன்னீர் ஈரம் துளிகூட இல்லை. அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். காந்தத்தின் மேல் உட்கார்ந்து வந்த டிஸ்க், ஒரு முக்கல் முனகல் இல்லாமல் சுற்றியது. உள்ளே இருந்ததெல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றது. ப்ராஜெக்ட் என்று பெயர் போட்ட போல்டரும் இருந்தது. அடுத்தவர் சாமானைத் திறந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை என்பதால் அத்தோடு விட்டுவிட்டார்.

பிறகு லேப்டாப் ஏன் வேலை செய்யவில்லை? டிஸ்க் தன் இடத்திலிருந்து நழுவி இருந்தது, அவ்வளவுதான். அதைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்க்ரூக்களைக் காணோம். பன்னீர் ஸ்க்ரூவைக் கழற்றுமா? காந்தம்தான் கழற்றுமா? ஹனீஃபாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சாயங்காலம் போன் செய்ததும் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். புருஷன் ஒரு மூலையில், பெண்டாட்டி ஒரு மூலையில். இருவரும் 'சொல்லிடாதீங்க' என்று ஹனீஃபாவிடம் கண்ணாலேயே கெஞ்சினார்கள்.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலை. உள்ள இருந்தது எல்லாம் அப்படியே இருக்கு."

கனகவல்லி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். குப்புராஜ் ஓடிவந்து ஹனீஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். புகழேந்தி மட்டும் பேயறைந்தவன் போல் நின்றான்.

"எல்லாமேவாண்ணா?"

"ஆமா தம்பி. ப்ராஜெக்ட் போல்டர்கூடப் பத்திரமா இருக்கு."

"அப்புறம் என்ன? இங்கயே பிரிண்ட் எடுத்துடுங்க பாய். எத்தனை பக்கம் ஆனாலும் சரி, நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்" என்றார் குப்புராஜ்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"எதைப்பா பிரிண்ட் எடுக்கறது? அதுல நான் இன்னும் ஒரு வரிகூட அடிக்கலையே!" என்று பதறிவிட்டான் புகழேந்தி.

ஸ்க்ரூவைக் கழற்றிய கை யாருடையது என்று ஹனீஃபாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அடப்பாவி! அதுக்குத்தான் பூஜையில வெக்கச் சொன்னியா?" என்று கனகவல்லியும் குப்புராஜும் ஒரே குரலில் கத்தினார்கள். கத்தி முடித்த பிறகுதான், 'உன்னையுமா?' என்பதுபோல் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.