ஐந்து தாள்கள்

டொரோண்டோவில் ஒரு வேலையை இயந்திரத்திடம் கொடுக்க முன், மூன்று மனிதரையாவது நேர்முகத்துக்குக் கூப்பிட வேண்டும், மூவரும் வேண்டாம் என்றால்தான் கொடுக்கலாம் என்பது சட்டம். அந்த மூவரில் ஒருத்தியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் இரண்டு வருடமாக நிரூஜாவின் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஐந்து இடம்; இடத்துக்கு இவ்வளவு என்று அனுப்புகிற முகவர் காசு கொடுப்பார். ஏழு நிமிடம் பேசிவிட்டு, "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்ற தாளை மேசையில் வைத்துவிட்டு எழும்ப வேண்டும். ஐந்து தாளிலும் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

அன்று நாலாவது இடம் ஒரு பல் வைத்தியசாலை. "அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். வழக்கமாக யாரும் இப்படிக் கேட்பதில்லை. தம்பி பல் பிடுங்கப் பயந்து காருக்கு அடியில் புகுந்த கதையை நிரூஜா சொன்னாள். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் ஏழு நிமிடம் முடிந்திருந்தது. பஸ்ஸை விட்டால் ஐந்தாவது இடம் போய்விடும். தாளை வைத்துவிட்டு ஓடினாள். பின்னால் அந்தப் பெண் ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில்தான் அந்தப் பெண்ணின் செய்தி வந்தது. "இயந்திரத்தைக் கண்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. உண்மையாகவே ஆள் தேடினோம், உங்களைத்தான் எடுக்க இருந்தோம். வேண்டாம் என்று எழுதித் தந்தவரை இனி எடுக்கச் சட்டம் விடாது."

இரண்டு தரம் வாசித்தாள். அம்மாவின் அழைப்பு வந்தது.

"வேலை முடிஞ்சுதோ, பிள்ளை?"

பைக்குள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று மிச்சம் இருந்தது.

"இல்லையம்மா, இன்னும் ஒண்டு கிடக்கு."